நிலக்கரி நாட்டுச் சிறுவன்
(காஜி நஸ்ருல் இஸ்லாமின் பாலிய சரித்திரம்)

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் நாட்டில் வழங்கும் மூதுரை. ஒருவர் பெரியோராய் விளங்கிய பின்னர் அவருடைய பிள்ளைப் பருவத்தைத் திரும்பி நோக்கி, அன்றே தெரிந்தது என்று கூறுதல் எல்லார்க்கும் எளிது. முளையாய் இருக்குங் காலத்திலேயே அதனை இன்னதென்று அறிந்து, வேலியிட்டு நீர் வார்ப்பவர் எத்துணைப் பேர்? இவ்வினாவை நம் சங்கத்து அன்பர்கள் முன்னிலையில் வைக்கும் பொருட்டே இம்மாதம் ஒரு சரித்திரத்தை எழுதப் புகுந்தோம்.

சரித்திர நாயகர் நம் குலத்தினர் அல்லர். நம் மொழியினரும் அல்லர். வங்காளத்தில் நிலக்கரி தோண்டும் வட்டாரத்தில் வறிய முகம்மதியக் குடும்பத்திற் பிறந்து, மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை இயற்றி, அவற்றுட் பெரும்பாலனவற்றுக்குத் தாமே இசையும் அமைத்த காஜி நஸ்ருல் இஸ்லாம் என்பவரே அவர். இவர் வரலாறு நம் பத்திரிகைக்கு எதற்கு என்று அன்பர் சிலர் கேட்கலாம். இறுதிவரை பொறுமையுடன் படித்தருளின், விடை தானே விளங்கும்.

நிலக்கரி நாடு

கல்கத்தாவிலிருந்து வடமேற்கே இருப்புப்பாதை வழியாகச் சென்றால், பசிய வயல்கள் மெல்லக் குறைந்து, செம்மண் மேடுகளும் கரிக்குவியல்களும் புகைக்கூண்டுகளும் தோன்றும். அதுவே ராணிகஞ்ச் வட்டாரம். இந்தியாவில் வியாபாரத்தின் பொருட்டு நிலக்கரி முதன்முதல் தோண்டப்பட்டது அவ்விடத்தேதான். தொடங்கிய ஆண்டு 1774. பின்னர் மகாகவி ரவீந்திரநாத தாகூரின் பாட்டனாராகிய துவாரகாநாத தாகூர் அங்குள்ள சுரங்கத்தை வாங்கி நடத்தினார். 1855-ம் ஆண்டில் ஹௌராவிலிருந்து ராணிகஞ்ச் வரை புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. பிறகு கரிக்கு மதிப்பு உயர்ந்தது. அசன்சோல் பெரிய ரயில் சந்திப்பாயிற்று. காடும் மேடுமாய்க் கிடந்த நிலம் குழிகளாற் துளைக்கப்பட்டது.

குழிகளில் இறங்கி உழைத்தோர் சந்தாலர், பௌரிகள் முதலிய எளிய மக்கள். அக்காலத்தில் கணவன் கரியை வெட்ட, மனைவி அதனைக் கூடையில் வாரிச் சுமத்தல் வழக்கம். பெண்டிரும் பூமிக்கடியிற் சென்றனர். நம் வடஆர்க்காட்டுப் பக்கத்து ஏழைகள் கோலார் தங்கவயலுக்குச் சென்று பாறை பிளந்த கதையை முதியோர் சொல்லக் கேட்டவர்க்கு அவ்வாழ்க்கையின் தன்மை எளிதிற் புலனாகும். புதுவைக்கு அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி திறந்த வெளியில் எடுக்கப்படுதலை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். ராணிகஞ்சிலோ அந்நாளில் மனிதர் இருளிற் புகுந்து வெட்டினர்.

பிறப்பும் வறுமையும்

இவ்வட்டாரத்தில், அசன்சோலுக்கு வடக்கே அஜய் நதிக்கு அண்மையில் உள்ளது சுருலியா என்னும் சிற்றூர். அங்கு 1899-ம் ஆண்டு மே மாதம் 24-ம் தேதி நஸ்ருல் பிறந்தார். தந்தையார் காஜி பகீர் அகமது. தாயார் ஜாகிதா காத்தூன். காஜி என்னும் பட்டம் முன்னோர் நியாயாதிபதிகளாய் இருந்ததனால் வந்தது. பட்டம் எஞ்சி நின்றதேயன்றி நிலமும் பொருளும் எஞ்சவில்லை. தந்தையார் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தி, அதனால் வரும் சொற்ப வருவாயைக் கொண்டு குடும்பத்தைக் காத்து வந்தார். பிள்ளைக்கு ஊரார் இட்டு வழங்கிய செல்லப் பெயர் 'துக்கு மியான்'; துக்கம் என்னுஞ் சொல்லின் அடியாகப் பிறந்தது அப்பெயர்.

1908-ம் ஆண்டு தந்தையார் காலஞ்சென்றார். பிள்ளைக்குப் பிராயம் ஒன்பது. நம் புதுவையன்பர்க்கு அவ்வாண்டு மறக்கற்பாலதன்று. சுப்பிரமணிய பாரதியார் ஆங்கில அரசாங்கத்தின் கைக்குத் தப்பிப் புதுவைக்கு வந்து சேர்ந்தது அவ்வாண்டிலேதான். பாரதியார் இங்கே கடற்கரையிலும் குயில்தோப்பிலும் பாடித் திரிந்த பத்தாண்டுகளும், அங்கே அநாதையாகிய ஒரு சிறுவன் ஊர் ஊராய் அலைந்த பத்தாண்டுகளும் ஏறக்குறைய ஒன்றே.

ஊர் மக்தப்பில் கீழ்வகுப்புப் பரீட்சையிற் தேறிய சிறுவன், அங்கேயே சிறு பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியனானான். பள்ளிவாசலில் பாங்கு சொன்னான். பீர் ஒருவரின் சமாதியில் விளக்கேற்றித் தொண்டு புரிந்தான். பத்து வயதுப் பிள்ளை ஒரு குடும்பத்தின் தூணாக நிற்க நேர்ந்ததனை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் இரங்குகின்றது. ஆயினும் இவ்வேலைகளால் ஒரு நன்மையும் விளைந்தது. திருமறை ஓதும் ஒலியும், பாங்கின் நீண்ட இழைப்பும் அவன் செவியில் இளமையிலேயே பதிந்தன. பிற்காலத்தில் வங்க மொழியில் இஸ்லாமிய கீதங்களைப் பாடி அவன் நிலைநாட்டியதற்கு அடிப்படை இதுவே.

கூத்துக் கூட்டம்

அப்பக்கங்களில் 'லேட்டோ' என்னும் ஒருவகைக் கூத்து வழங்கிற்று. பாட்டும் ஆட்டமும் நகையும் கலந்த அக்கூத்தில் இரு கூட்டத்தார் எதிரெதிர் நின்று வினாவும் விடையுமாகப் பாடி ஒருவரையொருவர் மடக்குதல் உண்டு. நம் நாட்டுத் தெருக்கூத்தையும் லாவணியையும் ஒருங்கு சேர்த்து எண்ணினால் அதன் இயல்பு ஒருவாறு விளங்கும். நஸ்ருலின் சிறிய தகப்பனார் முறையினராகிய பஸ்லே கரீம் என்பவர் அத்தகைய கூட்டம் ஒன்றில் புகழ்பெற்றவர். அரபி, பாரசீகம், உருது மூன்றும் அறிந்து, அம்மொழிகளைக் கலந்து பாட்டுக் கட்டுபவர். சிறுவன் அவரைச் சார்ந்தான்.

கௌரவம் பார்க்கும் குடும்பத்தார் பிள்ளைகளைக் கூத்துக்கு அனுப்ப நாணுவர், நம்மிலும் அப்படியே. ஆனால் நஸ்ருலுக்குச் சர்வகலாசாலையாய் அமைந்தது அக்கூத்துக் கூட்டமே. மேடையில் எதிரி ஒரு வினாப் பாடி முடிக்குமுன் விடைப்பாட்டுக் கட்ட வேண்டும். மெட்டும் சந்தமும் தவறலாகாது. சபையோர் நகைக்கவும் வேண்டும், கண்ணீர் விடவும் வேண்டும். இப்பயிற்சி பன்னிரண்டு வயதுக்குள் வாய்த்தது. கூட்டத்துக்கு அவன் எழுதிக் கொடுத்த நாடகங்களில் உழவன் வேடம் பற்றியது ஒன்று, தருமராசர் கதை ஒன்று, சகுனி வதம் ஒன்று, கொடையிற் சிறந்த கர்ணன் கதை ஒன்று, அக்பர் பாதுஷா கதை ஒன்று. பள்ளிவாசலிற் பாங்கு சொன்ன பிள்ளை பாரதக் கதையை நன்கு கற்று நாடகமாக்கினான். இந்து சமயக் கதைகள் அவனுக்கு அந்நியமாகத் தோன்றாமைக்கு இக்கூத்தே காரணம்.

பின்னர்க் கல்வியில் விருப்பங்கொண்டு கூத்தை விட்டுப் பள்ளியிற் சேர்ந்தான். மாத்ருன் என்னும் ஊர்ப் பள்ளியில் அவனுக்குத் தலைமையாசிரியராய் வாய்த்தவர் கவிஞர் குமுத் ரஞ்சன் மல்லிக். ஆயினும் என்! கையிற் பொருளின்மையால் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மீண்டும் பாட்டுக் கூட்டம். அதன்பின் ரயில்வே கார்டு ஒருவர் வீட்டில் சமையல் வேலை. அதன்பின் அசன்சோலில் ஒரு ரொட்டிக் கடை.

ரொட்டிக் கடை

நம் சங்கத்தார் சற்றே நின்று நினைக்க வேண்டிய இடம் இது. ரயில் நிலையங்களை அடுத்த கடைகளில் மாவு பிசையும் பிள்ளைகளையும், தேநீர்க் குவளை கழுவும் பிள்ளைகளையும் நாம் பலகாற் கண்டிருக்கின்றோம். கண்டும் காணாதவராய்ப் போயிருக்கின்றோம். அசன்சோலிலும் ஆயிரம் பேர் அவ்வாறே போயினர். ரபீசுல்லா என்னும் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் மட்டும் நின்றார். கடையிற் கூலிக்கு உழைக்கும் பிள்ளை பாட்டுக் கட்டுதலையும், அவனுடைய கூர்த்த அறிவையும் கண்டு வியந்து, இவன் இருக்கத்தக்க இடம் இதுவன்று என்று துணிந்தார். அவர் ஊர் கிழக்கு வங்காளத்து மைமன்சிங் ஜில்லாவைச் சேர்ந்தது. 1914-ம் ஆண்டில் சிறுவனை அங்கு அனுப்பி, திரிசாலை அடுத்த தரிராம்பூர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பிற் சேர்ப்பித்தார்.

நஸ்ருல் அங்கு ஓராண்டே படித்தான். படித்த காலம் சிறிதெனினும் அதன் பயன் பெரிது. அறுந்த நூல் மீண்டும் முடியப்பட்டது. அந்தப் போலீஸ் அதிகாரி சங்கீத வித்துவான் அல்லர். பெரிய தனவந்தரும் அல்லர். அவரிடம் இருந்தது காணும் கண் ஒன்றே. வங்காளத்தின் கீதச் செல்வத்தில் ஒரு பெரும்பகுதி அந்த ஒரு கண்ணால் உலகுக்குக் கிடைத்தது என்று சொல்லின் அது மிகையாகாது.

சியார்சோல் பள்ளி

1915-ம் ஆண்டு நஸ்ருல் நிலக்கரி நாட்டுக்கே திரும்பி, ராணிகஞ்சை அடுத்த சியார்சோல் ராஜ பள்ளியில் எட்டாம் வகுப்பிற் சேர்ந்தான். அவ்வூர் ஜமீன்தார் குடும்பத்தார் நடத்திய பள்ளி அது. சம்பளமின்றிப் படிக்க அவனுக்கு அனுமதி கிடைத்தது. இங்குக் கழிந்த ஏறத்தாழ மூன்றாண்டுகளே அவனை உருவாக்கின என்பது சரித்திரக்காரர் பலருக்கும் உடன்பாடு.

ஆசிரியர் நால்வர் அவனுக்கு நான்கு வாயில்களைத் திறந்தனர். சதீச சந்திர காஞ்சிலால் சாஸ்திரீய சங்கீதத்தில் அவன் கருத்தைச் செலுத்தினார். கூத்து மேடையில் செவிவழியாய் மட்டும் அறிந்த மெட்டுகளுக்கு ராகம், தாளம் என்னும் இலக்கணம் உண்டென்று அவன் உணர்ந்தது அப்போதுதான். ஹாபிஸ் நூருந்நபி பாரசீக இலக்கியச் சுவையை ஊட்டினார். பிற்காலத்தில் வங்க மொழியில் கஜல் பாட்டை வேரூன்றச் செய்தவர் நஸ்ருல் எனின், வித்து அங்கே விதைக்கப்பட்டது. நாகேந்திரநாத பந்தியோபாத்தியாயர் இலக்கியம் பயிற்றினார். நிவாரண் சந்திர கடக் என்பவரோ ரகசியப் புரட்சி இயக்கத்தைச் சேர்ந்தவர். தேச விடுதலை என்னும் கனலை மாணவர் நெஞ்சில் மூட்டினார். அவருடைய உறவினராகிய துகரிபாலா தேவி என்னும் அம்மையார் ஆயுதங்களை மறைத்து வைத்திருந்ததற்காக 1917-ம் ஆண்டில் சிறை சென்றார், நிவாரணரும் கைதியானார். அந்நாளில் இங்குப் புதுவையிலும் தேசாபிமானிகள் அடைக்கலம் புகுந்திருந்தனர். 1910-ம் ஆண்டில் அரவிந்தர் வங்காளத்துப் பிரெஞ்சு நகராகிய சந்திரநாகூர் வழியாகவே இங்கு வந்து சேர்ந்தார் என்பதையும், அவ்வெப்பம் கரிக்குழி நாட்டுப் பள்ளியறை வரை பரவியிருந்தது என்பதையும் சேர்த்து நோக்கினால் அக்காலத்தின் நிலை விளங்கும்.

ஆசிரியர் நால்வரில் மூவர் இந்துக்கள், ஒருவர் முகம்மதியர். மாணவனின் உயிர் நண்பனாய் அமைந்தவர் ஷைலஜானந்த முகோபாத்தியாயர் என்னும் பிராமணப் பிள்ளை. இருவரும் எழுத்துப் பித்துக் கொண்டவர்கள். சுரங்கத் தொழிலாளரின் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு கதை எழுதி, வங்க இலக்கியத்துக்குப் புதிய வழி காட்டியவர் என்று ஷைலஜானந்தர் பின்னர்ப் புகழ் பெற்றார். கரிப்புகை ஒன்றே இரு நண்பருக்கும் மைக்கூடாயிற்று.

1917-ம் ஆண்டு, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னரே, நஸ்ருல் 49-வது வங்காளப் படையிற் சேர்ந்து கராச்சிக்குச் சென்றார். பாலியப் பருவம் அத்தோடு முடிவுற்றது.

விளைவு

நிற்க. முளை கண்டோம், விளைவையும் சுருங்கக் காண்போம். 1920-ல் படை கலைந்து திரும்பியவர், 1921 டிசம்பரில் 'வித்ரோகி' என்னும் நெடும்பாட்டை எழுதினார். அடுத்த மாதம் அது வெளிவந்தவுடன் வங்காளமெங்கும் அவர் பெயர் பரவிற்று. 'தூமகேது' என்னும் பத்திரிகை நடத்தி, இராஜத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 1923-ல் ஓராண்டுச் சிறைவாசம் பெற்றார். ஹூக்ளி சிறையில் கைதிகள் நடத்தப்பட்ட முறையைக் கண்டித்து முப்பது நாட்களுக்கு மேல் உண்ணாவிரதம் இருந்தார். தாகூர் தம் 'வசந்த' என்னும் கீத நாடகத்தை அச்சிறைக் கைதிக்கு உரிமையாக்கினார்.

அதன்பின் இசையே அவர் வாழ்வாயிற்று. கிராமபோன் இசைத்தட்டுகளுக்கு நூற்றுக்கணக்கான பாடல்கள் அளித்தார். வானொலியில் அருகிய ராகங்களையும் தாம் புதிதாய்ப் படைத்த ராகங்களையும் பாடச் செய்தார். ஒரே கையால் நபிநாயகத்தின் புகழையும் காளியன்னையின் புகழையும் எழுதினார். 1935-ல் ஷைலஜானந்தரின் சுரங்கக் கதையைக் கொண்டு 'பாதாளபுரி' என்னும் பேசும்படம் எடுக்கப்பட்டபோது, கரிக்குழி மக்கள் பாடும் 'ஜுமுர்' மெட்டுகளைத் தழுவி நஸ்ருல் இசை அமைத்தார். கூலிப் பெண்கள் பாடக் கேட்ட மெட்டு கல்கத்தா நாடகசாலைகளில் ஒலித்தது.

புதுவைக்கும் இவ்வரலாற்றில் ஒரு தொடர்பு உண்டு. நஸ்ருலின் கஜல் பாடல்களைக் கல்கத்தாச் சபைகளிற் பாடிப் பரப்பியவருள் முதன்மையானவர் திலீப்குமார் ராய். தம் 'புல்புல்' என்னும் கீத நூலை நஸ்ருல் அவருக்கே உரிமையாக்கினார். அந்நூல் வெளிவந்த 1928-ம் ஆண்டிலேயே திலீப்குமாரும் புதுவை ஆசிரமத்துக்கு வந்து தங்கலாயினார். நிலக்கரி நாட்டுச் சிறுவனின் கீதங்களைப் பாடிய கண்டம் நம் கடற்கரை நகரிலும் பல்லாண்டு ஒலித்தது.

1942-ல் கொடிய நோயொன்று நஸ்ருலின் வாக்கைப் பறித்தது. பாடிய வாய் அதன்பின் முப்பத்துநான்கு ஆண்டுகள் மௌனமாயிற்று. 1972-ல் வங்காள தேசத்தார் அவரை டாக்காவுக்கு அழைத்துச் சென்று தேசிய கவியெனப் போற்றினர். 1976 ஆகஸ்டு 29-ல் அங்கே காலமானார். சுருலியாவில் அவருடைய மனைவியார் பிரமீளா தேவியின் சமாதி உள்ளது. ஒரு காலத்தில் அவர் மாவு பிசைந்த அசன்சோலில் இன்று அவர் பெயரால் ஒரு சர்வகலாசாலை விளங்குகின்றது.

நாம் அறிய வேண்டுவது

இனி, இவ்வரலாறு நம் பத்திரிகைக்கு எதற்கு என்னும் வினாவுக்கு விடை கூறுவோம். அநாதைச் சிறுவன் ஒருவனைக் கைதூக்கி விட்டவர்களை வரிசையாய் எண்ணுக: கூத்தாடியான சிற்றப்பர், கவிஞரான தலைமையாசிரியர், வழிப்போக்கரான போலீஸ் அதிகாரி, சம்பளமின்றி இடமளித்த ஜமீன்தார், சங்கீதம் சொல்லிய காஞ்சிலால். இவருள் உறவினர் ஒருவரே. ஏனையோர் அவன் குலத்தையும் கேட்டிலர், கைம்மாறும் வேண்டிலர்.

நஸ்ருல் சாதியின் பெயரால் நடைபெறும் வஞ்சனையைக் கடுமையாகக் கடிந்து பாடியவர். இதனை மறைத்து அவர் புகழை மட்டும் பேசுதல் நேர்மையன்று. ஒரு சாதிச் சங்கத்தின் பத்திரிகையிலே நாம் அதனை மறையாமல் எழுதுகின்றோம். நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் உதவி குற்றமன்று. தன் வீட்டு விளக்கைத் தான் தூண்டுதல் யாவர்க்கும் கடமை. ஆனால் அவ்விளக்கின் ஒளி தெருவிலும் சிறிது விழவேண்டும். அது விழாதவாறு கதவை அடைப்போமாயின், அக்கவிஞரின் கடுஞ்சொல் நம்மையும் சாரும்.

நம் சங்கத்தின் உபகாரச் சம்பள விண்ணப்பத்தை எடுத்து நோக்கினோம். தந்தையார் பெயர், தொழில், வருமானம், பரீட்சையிற் பெற்ற எண்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. அப்பிள்ளை எதில் வல்லன், பாடுவானா, வரைவானா, இயந்திரம் பழுது பார்ப்பானா என்று எழுத ஒரு வரியும் இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளை விண்ணப்பம் செய்யவும் விதி இல்லை. சுருலியாச் சிறுவன் நம்மிடம் வந்திருந்தால், விண்ணப்பம் குறையுடையது என்று திருப்பி அனுப்பியிருப்போம். இதனை எழுதும்போது நமக்கு வெட்கமே உண்டாகின்றது.

ஆகவே நாம் வேண்டிக்கொள்வன இரண்டு. விண்ணப்பத்தில் அவ்வொரு வரியைச் சேர்த்து, படிப்பு இடையில் முறிந்த பிள்ளைகளுக்கும் வழி திறக்க வேண்டும் என்பது ஒன்று. அதனை அடுத்த பொதுக்கூட்டத்தில் நிர்வாகிகள் ஆலோசிப்பார்களாக. மற்றொன்று ஒவ்வொரு குடும்பத்தாரும் இன்றே செய்யத்தக்கது. கடையில் வேலை செய்யும் பிள்ளையைக் கண்டால் ஒரு கணம் நின்று, நீ எதுவரை படித்தாய், உனக்கு எது பிரியம் என்று கேளுங்கள். யாருடைய பிள்ளை என்று கேட்பது அதன்பின் ஆகுக.